‘ப்ளீஸ் ரிவர்ட்’ எழுதிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கோவையில் பம்பு உதிரிபாகம் வார்க்கும் தொழிற்கூடம் ஒன்றில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு வரைபடத்தைத் திருத்தி அனுப்பினோம். இரண்டாம் பதிப்பில் ஒரு துளையின் இடம் தவறியிருந்தது; அதைச் சரிசெய்து மூன்றாம் பதிப்பு. மெயிலின் கடைசி வரியாக, வழக்கம்போல, ‘கைண்ட்லி ரிவர்ட் ஆன் தி ட்ராயிங்’, அதாவது வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று போட்டேன். மறுநாளே பதில் வந்தது: ‘டன். ரிவர்ட்டட்.’

பார்த்துவிட்டார், சம்மதம் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவரோ, வரைபடத்தைப் பழைய பதிப்புக்கே மாற்றச் சொல்கிறோம் என்று நினைத்து, தன் கோப்பில் இரண்டாம் பதிப்பைத் திரும்ப வைத்துவிட்டார். நாங்கள் மூன்றாம் பதிப்பின்படி நானூறு ஹவுசிங் வார்த்து அனுப்பினோம். அவர்கள் இரண்டாம் பதிப்பை வைத்து அளந்தார்கள். அத்தனையும் ரிஜெக்ட்.

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் எழுதினோம். இரண்டு பேருக்கும் அது நன்றாகப் புரிந்தும் இருந்தது. அன்றிலிருந்து இந்த ஒரு வினைச்சொல்லால் வரும் கோளாறுகளைச் சேர்த்து வைத்துவருகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். ஆனால் எங்கே போவதானாலும் முதலில் இந்தச் சோதனையை முடித்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: ‘கு’ சோதனை

திரும்பு ஒரு வினை, திருப்பு இன்னொரு வினை. பேருந்து திரும்பும்; ஓட்டுநர் அதைத் திருப்புவார். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான். பொது ஆங்கிலத்தில் ரிவர்ட் என்பது ‘திரும்பு’. ‘திருப்பு’ அல்ல. அதுவும் இடமோ வலமோ திரும்புவதைச் சொல்லாது. முன்பு இருந்த நிலைக்கு, முன்பு இருந்த கைக்கு, முன்பு பேசிய பேச்சுக்குத் திரும்புவதை மட்டும் சொல்லும்.

ஆகவே அந்தச் சொல் வரும் வாக்கியத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள். எது திரும்புகிறது? எதற்குத் திரும்புகிறது? தமிழில் ‘கு’ விழும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘டு’ விழ வேண்டும். ‘ஆஃப்டர் தி ஃபெஸ்டிவல், தி பஸ் ரிவர்ட்டட் டு இட்ஸ் ஓல்டு ரூட்’: திரும்பியது பேருந்து, திரும்பியது பழைய தடத்துக்கு. தேறிவிட்டது. ‘லெட் அஸ் ரிவர்ட் டு தி ஃபர்ஸ்ட் பாயின்ட்’: நாம், முதல் விஷயத்துக்கு. இதுவும் தேறியது. ‘ப்ளீஸ் ரிவர்ட்’: எது, எதற்கு? இரண்டும் காலி. காலியிடத்தைப் படிப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறார். என் நானூறு ஹவுசிங்கும் அந்தக் காலியிடத்தில்தான் விழுந்தன.

இன்னொன்று. மென்பொருளில் இருக்கும் பிழைதிருத்தி இதைக் காட்டிக்கொடுக்காது. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணமும் பெரிதாகக் கெடவில்லை, சிவப்புக் கோடு எதற்காக விழும்?

அறிகுறி: பதில் கேட்டேன், பதில் வரவில்லை, அல்லது பழையது திரும்பி வந்தது

மெயில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். இந்தியாவுக்குள் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா என்றாலும் பெரும்பாலும் வேண்டாம். அங்கும் இதே வழக்கம் உண்டு. கப்பல் தரகர்கள் எந்த நாட்டுக்காரர்களானாலும் இந்தச் சொல்லைப் பதில் என்ற பொருளில் சரளமாக எழுதுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியே ‘பதில் அனுப்பு’ என்ற பொருளை, இந்திய ஆங்கிலம் என்ற அடையாளத்தோடு சேர்த்திருக்கிறது. ஆகவே இதைத் ‘தப்பு இங்கிலீஷ்’ என்று நக்கல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பொருள் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்தால் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை. ‘ஐ ஷல் ரிவர்ட் டு திஸ் மேட்டர்’ என்றால் இந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன் என்று பொருள்; இது பழைய, சுத்தமான ஆங்கிலம். அந்த ‘விஷயம்’ இருந்த இடத்தில் ‘நீங்கள்’ வந்து உட்கார்ந்தால் ‘ஐ ஷல் ரிவர்ட் டு யூ’. உங்களிடம் திரும்ப வருகிறேன், அதாவது பதில் சொல்கிறேன். ‘கெட் பேக் டு யூ’ என்று இங்கிலாந்துக்காரர் சொல்வதும் இதே வளைவுதான். நாமும் தொலைபேசியில் ‘பாத்துட்டுத் திரும்பக் கூப்பிடறேங்க’ என்கிறோமே.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஐரோப்பா என்றால் மட்டும் சொல்லை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு அங்கே ‘ரிப்ளை’ போடுவதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். நான் இன்னொரு படி போகச் சொல்வேன். உங்களுக்கு உண்மையில் வேண்டியது பதிலா? பெரும்பாலும் இல்லை. ஒப்புதல் வேண்டும், அல்லது விலை வேண்டும், அல்லது மூன்று வரைபடங்களில் ஒன்றைத் தேர்ந்துகொடுக்க வேண்டும். அதையே கேளுங்கள்: ‘ப்ளீஸ் கன்ஃபர்ம் ட்ராயிங் த்ரீ பை ஃப்ரைடே.’ ‘ரிவர்ட்’ என்ற சொல்லின் முதுகுக்குப் பின்னால் நாம் கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘சீக்கிரம் சொல்லுங்க’ என்று நேராகச் சொல்ல மனம் வராமல்தான் இதைப் போடுகிறோம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ‘ரிவர்ட்டட்’ என்று வந்தால்? பதிலா, பழையதற்கு மாற்றினாரா என்று ஊகிக்காதீர்கள். ‘எந்தப் பதிப்பு இப்போது நடப்பில் இருக்கிறது?’ என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் இடத்தில் இப்போது எல்லா மெயிலிலும் பதிப்பு எண் தலைப்பிலேயே போகிறது.

அறிகுறி: ‘ரிவர்ட் பேக்’ என்று எழுதினால் சிரிக்கிறார்கள்

நடுசென்டர் கதைதான். முன்னொட்டான ‘ரி’யே திரும்ப என்றுதான் சொல்கிறது, ‘பேக்’ இன்னொரு திரும்ப. எடுத்துவிடுங்கள். ஆனால் இதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதை நிறையச் செய்கிறார்கள்.

‘ரிவர்ட் மீ’, ‘ரிவர்ட் அஸ்’ என்பவை வேறு ரகம். இவற்றில் ‘டு’ காணாமல் போய், ‘என்னைத் திருப்பு’ என்று ஆகிவிடுகிறது. இதை இந்திய ஆங்கிலம் என்றுகூடக் காப்பாற்ற முடியாது. ‘டு’ சேருங்கள்.

அறிகுறி: அகராதி பார்த்தேன், பொருள் மனதில் தங்கவில்லை

அகராதியில் நான்கைந்து பொருள் வரிசையாக இருந்தால் எதுவும் தங்காது. வேரைப் பிடித்தால் எல்லாம் ஒரே கொத்தாக வரும். இந்தப் பகுதியில் கொஞ்சம் நேரம் செலவழிப்பேன், எனக்குப் பிடித்த இடம் இது.

லத்தீனில் ‘வெர்த்தெரே’ என்றால் திருப்பு. ‘ரெ’ சேர்ந்தால் ‘ரெவெர்த்தெரே’, பின்னால் திருப்பு. ஆனால் செம்மொழி லத்தீன்காரர்கள் நிகழ்காலத்தில் இதைப் பெரும்பாலும் ‘ரெவெர்த்தோர்’ என்றே சொன்னார்கள். அது வடிவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் தன்வினை: ‘நான் திருப்பப்படுகிறேன்’ போன்ற உருவத்தை வைத்துக்கொண்டு ‘நான் திரும்புகிறேன்’ என்று சொல்வது. திரும்பு, திருப்பு என்று தனித்தனிச் சொல் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் விகுதியை மாற்றி அந்த வேலையை முடித்தார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது லத்தீனில் சொல்லப்பட்ட வாசகத்தில் வருவதும் இதே வினைதான்: ‘ரெவெர்த்தெரிஸ்’. மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய். ‘கு’ சோதனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. எது திரும்புகிறது, எதற்குத் திரும்புகிறது, முன்பு எங்கே இருந்தது, மூன்றும் ஒரே வரியில் இருக்கின்றன.

பழைய பிரெஞ்சு வழியாக, சுமார் 1300-இல், சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது அதற்கு இருந்த பொருள்களில் ஒன்று மயக்கம் தெளிவது, தன்னிலைக்குத் திரும்புவது. அது இன்று வழக்கொழிந்துவிட்டது.

‘வெர்த்தெரே’வின் குடும்பம் பெரிது. கன்வெர்ட், வேறொன்றாகத் திருப்பு. டைவெர்ட், விலக்கித் திருப்பு. சாலையில் ‘டைவர்ஷன்’ பலகை. டிவோர்ஸ் இதே டைவெர்ட்டின் உடன்பிறப்பு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். அட்வர்டைஸ், கவனத்தைத் தன் பக்கம் திருப்பு. ஆனிவர்சரி, ஆண்டு ஒரு சுற்றுத் திரும்பி வந்த நாள். வெர்டிகோ, தலைசுற்று. வெர்டிப்ரா என்ற முதுகெலும்புக் கண்ணி, உடல் திரும்ப உதவும் மூட்டு. வண்டியில் நாம் எடுக்கும் ரிவர்ஸ், இதே ரிவர்ட்டின் இறந்தகால எச்சத்திலிருந்து வந்தது. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் அது பின்னால் போகும், அவ்வளவுதான். புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரிவர்ட்டுக்கு அந்தக் கட்டாயம் உண்டு.

வெர்டிகல் எப்படி இந்தக் குடும்பம் என்று நீண்ட நாள் எனக்குப் புரியவில்லை. நேராக நிற்பதில் திருப்பம் எங்கே? ‘வெர்த்தெக்ஸ்’ என்றால் லத்தீனில் முதலில் நீர்ச்சுழி. பிறகு உச்சந்தலையில் முடி சுழித்து நிற்கும் இடம். பிறகு உச்சி. உச்சிக்கு நேராகப் போவது வெர்டிகல். நம் ஊரிலும் ஆற்றில் இருப்பது சுழி, குழந்தையின் தலையில் இருப்பதும் சுழி. ‘இவனுக்கு ரெட்டைச் சுழி, ரெண்டு கல்யாணம்’ என்று பாட்டிகள் சொல்லும்போது ஒரு லத்தீன்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் அவருக்குச் சொல் உடனே புரிந்திருக்கும்.

வெர்ஸ் என்ற செய்யுளும் இங்கேதான். உழவன் சால் ஓட்டி, வரப்பு வந்ததும் ஏரைத் திருப்புகிறான். அந்தத் திருப்பம், அதனால் ஆன சால், பிறகு எழுத்தின் வரி, எல்லாமே ‘வெர்சுஸ்’. உரைநடைக்கான ப்ரோஸ் என்ற சொல்லும் இதே வேர்தான். ‘நேராக முன்னோக்கித் திரும்பியது’, அதாவது எங்கும் மடங்காமல் போவது.

இங்கே ஒரு சுவையான சந்திப்பு. லத்தீனின் இந்த வேரும் சமஸ்கிருதத்தின் ‘வ்ருத்’ என்ற வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை. அந்த ‘வ்ருத்’ வழியாகத் தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட சொற்களை எண்ணிப்பாருங்கள். கம்பர் கையாண்ட பாவினமான விருத்தம், ஆங்கிலத்தின் வெர்ஸ் என்ற சொல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்; பொருளும் செய்யுள்தான். கச்சேரியில் தாளம் ஒரு சுற்று முடிந்து தொடக்கத்துக்குத் திரும்புவது ஆவர்த்தனம். சக்கரத்தை உருட்டுபவர் சக்கரவர்த்தி. பண்டம் கை மாறுவது பரிவர்த்தனை. ‘வார்த்தை’ என்ற வார்த்தையும் அந்த வழியில் வந்ததே. தமிழில் உள்ள திரும்பு, திருகு, திரி எல்லாம் நம் சொந்த வேர். அவற்றை இதில் கலக்க வேண்டாம்.

இவற்றில் ரிவர்ட்டுக்கு மிக நெருங்கியது நிவர்த்தி. முன்னொட்டும் வேருமாகப் பிரித்தால் அதற்கும் ‘திரும்பிவிடுதல்’ என்பதே பொருள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ‘குறைகளை நிவர்த்தி செய்யுமாறு’ என்று மனு எழுதும்போது திரும்புவதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை, தீர்த்துவை என்ற பொருளில் எழுதுகிறோம். மனுவைப் படிப்பவருக்கும் அப்படியே புரிகிறது. ரிவர்ட் பதிலாக மாறியதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், நிவர்த்தி தீர்வாக மாறியதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பதில் என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள மற்ற சொற்களும் வேரில் பதில் அல்ல. ரிப்ளை, லத்தீனில் திரும்ப மடிப்பது. அப்ளிகேஷனும் டூப்ளிகேட்டும் அதே மடிப்பு வேர். ரெஸ்பாண்ட், பதிலுக்கு வாக்குக் கொடுப்பது. ஸ்பான்சர் அதன் உறவு. ஆன்சர் லத்தீனே அல்ல, பழைய ஆங்கிலத்தில் எதிர்ச் சத்தியம்.

அறிகுறி: அரசு ஆணையில் ‘ரிவர்ட்டட்’ என்று இருக்கிறது, பதில் அனுப்பியிருக்கிறார்களா?

இல்லை. பதவி இறக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

பணி விதிகளின் ஆங்கிலத்தில் ரிவர்ஷன் என்றால், மேல் பதவியில் இருந்தவரை முன்பு இருந்த பதவிக்கே அனுப்புவது. இங்கே வினை ‘திருப்பு’ ஆகிவிட்டதைக் கவனியுங்கள்: அவர் தானாகத் திரும்பவில்லை, திருப்பப்பட்டார். ஆனாலும் ‘கு’ சோதனை தேறுகிறது. ஆணையில் ‘ரிவர்ட்டட் டு தி போஸ்ட் ஆஃப்’ என்று இருக்கும், அதற்கு அடுத்து வரும் பதவிதான் இனி உங்களுடையது.

அடுத்து பார்க்க வேண்டியது, மேல் பதவி உங்களுக்கு எந்த வகையில் கிடைத்தது என்பது. தற்காலிகப் பொறுப்பாகவா, நிலையான நியமனமாகவா? இதில் முன்னோடி 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த திங்ரா வழக்கு. ரயில்வேயில் மூன்றாம் வகுப்புப் பணியாளர் ஒருவர் இரண்டாம் வகுப்புப் பதவியில் தற்காலிகமாகப் பொறுப்பு வகித்தார். பிறகு பழைய பதவிக்கே அனுப்பப்பட்டார். தகுதி இறக்கும் தண்டனை என்றால் அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவின்படி முதலில் விளக்கம் கேட்டிருக்க வேண்டுமே என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தற்காலிகமாக வகித்த பதவியில் உரிமை இல்லை, அதிலிருந்து திரும்ப அனுப்புவது மட்டுமே தண்டனை ஆகாது என்றது. ஆனால் சம்பளம், பணிமூப்பு போன்றவற்றில் பாதிப்பைச் சேர்த்துத் தண்டனையாகவே செய்திருந்தால் பாதுகாப்பு உண்டு என்றும் வழி திறந்து வைத்தது.

ஆகவே ஆணையில் ‘ரிவர்ட்டட்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து ஒன்றும் முடிவுசெய்ய முடியாது. உங்கள் பழைய பதவி எது, அதில் உங்கள் பணிமூப்பு அப்படியே இருக்கிறதா என்ற இரண்டையும் பணிப்பதிவேட்டில் பார்த்துவிட்டு, சங்கத்தையோ வழக்கறிஞரையோ பாருங்கள். இப்படிப்பட்ட ஆணைகளுக்கு முன்னால் வழக்கமாக வந்துசேரும் ‘அட்வெர்ஸ் ரிமார்க்ஸ்’ இருக்கிறதே, அந்த அட்வெர்ஸும் வெர்த்தெரே குடும்பம்: உங்களுக்கு எதிராகத் திரும்பியது.

அறிகுறி: குத்தகைப் பத்திரத்தில் ‘ஷல் ரிவர்ட் டு’ என்று வருகிறது

இந்தச் சொல் சட்டத்தில்தான் மிகச் சரியாக உட்கார்ந்திருக்கிறது. காலம் முடிந்ததும் சொத்து கொடுத்தவருக்கே திரும்பிச் சேரும், அதற்குத் தனியாக யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதே பொருள். நிலத்தில் நீங்கள் கட்டிய கட்டடமும் சேர்ந்து போகுமா என்பதை அடுத்த வரிகளில் தேடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தேடுங்கள்.

வரலாற்றில் இந்த வினை பெரிய நிலப்பரப்புகளுக்கும் வந்திருக்கிறது. 1945 முதல் அமெரிக்கக் கையில் இருந்த ஒக்கினாவா 1972 மே 15 அன்று ஜப்பானிடம் சேர்ந்ததை ஆங்கிலத்தில் ரிவர்ஷன் என்றே குறிப்பிடுகிறார்கள். ஹாங்காங்கில் கொஞ்சம் சிக்கல். 1898-இல் சீனாவிடமிருந்து பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது நியூ டெரிட்டரீஸ் பகுதியை மட்டும்தான். ஹாங்காங் தீவு 1842-லும் கவுலூன் 1860-லும் நிரந்தரமாகவே எழுதி வாங்கப்பட்டவை. பிரிட்டனின் கணக்குப்படி, குத்தகை முடிந்து தானாகத் திரும்ப வேண்டியது முதலில் சொன்னது மட்டும்; மற்ற இரண்டும் பேசி ஒப்படைக்க வேண்டியவை. சீனா அந்தப் பழைய ஒப்பந்தங்களையே ஏற்கவில்லை, அதன் கணக்கில் எல்லாமே திரும்பியதுதான். 1997-இல் நடந்ததை எந்தச் சொல்லால் சொல்கிறார் என்பதைக் கேட்டாலே பேசுபவர் எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

வாரிசில்லாத சொத்து அரசுக்குப் போவதை ரிவர்ட் என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு, அதற்கு எஸ்சீட் என்று தனிச் சொல் உண்டு. அந்த வீட்டை அரசா அவருக்குக் கொடுத்தது?

அறிகுறி: கிட்டில் ரிவர்ட் செய்தேன், பழைய கமிட் இன்னும் வரலாற்றில் நிற்கிறது

கிட் என்பது மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் கருவி; அதில் பதிவுசெய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்கும். கிட் ரிவர்ட் எதையும் அழிப்பதில்லை. நீங்கள் சொன்ன கமிட்டுக்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாக மேலே வைக்கிறது. கணக்குப் பிள்ளை தவறான பற்று வரியை அடித்துத் திருத்தாமல், எதிர்ப்பதிவு ஒன்று போடுவது மாதிரி. மற்றவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட கிளையில் இதுவே பாதுகாப்பான வழி.

கமிட் செய்யாத மாற்றத்தைக் கழிக்கத்தான் நினைத்தீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது கிட் ரிஸ்டோர். இதே வேலைக்கான இன்னொரு கருவியான சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்குவார்கள். சப்வெர்ஷனில் ரிவர்ட் என்றால் கையில் இருக்கும், இன்னும் சேர்க்காத மாற்றங்களைத் தூக்கி எறிவது, போனால் போனதுதான். அதே சொல், கிட்டத்தட்ட எதிரெதிரான பயம். மாறி வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ‘ரிவர்ட் போடு’ என்று வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், எந்தக் கட்டளை என்று எழுதிக் காட்டுங்கள்.

இதில் மிக மோசமான அறிகுறி இது: ஒரு மெர்ஜை, அதாவது தனிக் கிளையில் செய்த வேலையை முதன்மைக் கிளையோடு சேர்த்ததை, ரிவர்ட் செய்தோம், கிளையில் பிழையைத் திருத்தினோம், மறுபடி மெர்ஜ் செய்தோம், புதுத் திருத்தம் மட்டும் வருகிறது, பழைய வேலை முழுவதும் காணவில்லை. எங்கள் மென்பொருள் பிரிவுத் தம்பி ஒருவன் இரவு பதினொரு மணிக்கு இதோடு மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கமிட்டுகள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன என்பதே வரலாறு சொல்லும் செய்தி, அதனால் கிட் அவற்றைத் திரும்ப எடுப்பதில்லை. முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்யுங்கள். பழைய வேலை திரும்பும். அதன் பிறகு மெர்ஜ் செய்யுங்கள்.

இந்தத் துறையில் ‘ரிவர்ட் தி சேஞ்சஸ்’ என்று செயப்படுபொருளோடு எழுதுவது முழுக்கச் சரி. இங்கே வினை திருப்பு ஆகிவிட்டது, இலக்கண ஆசிரியர் வந்தாலும் மாறாது.

அறிகுறி: வெள்ளை வரி போட்ட மணி பிளான்ட் வெறும் பச்சையாகிவிட்டது

தோட்டக்காரர்களின் ஆங்கிலத்தில் இதற்கும் ரிவர்ட்தான். செடி தன் பழைய பச்சைக்குத் திரும்புகிறது. முழுப் பச்சைத் தண்டைத் தெரிந்தவுடன், வரி போட்ட கடைசி இலைக்கு அருகே வெட்டுங்கள். விட்டால் பச்சையம் அதிகமுள்ள அந்தத் தண்டே வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள்.

டார்வினும் இந்தப் பொருளில்தான் ரிவர்ஷன் என்று எழுதினார். வெவ்வேறு நிற வளர்ப்புப் புறாக்களைக் கலந்தபோது, இறக்கையில் கருப்புப் பட்டையோடு நீலச் சாம்பல் குஞ்சுகள் பிறந்தன. அது காட்டு மாடப்புறாவின் நிறம். எல்லா வளர்ப்புப் புறாக்களும் அதிலிருந்து வந்தவை என்ற தன் வாதத்துக்கு அதைச் சான்றாக வைத்தார்.

அறிகுறி: ஒருவர் தன்னை ‘ஐ ஆம் எ ரிவர்ட்’ என்கிறார்

பெயர்ச்சொல். இஸ்லாத்தைத் தழுவியவர்களில் பலர், பிரிட்டனில் குறிப்பாக, கன்வெர்ட் என்பதைவிட இந்தச் சொல்லை விரும்புகிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா என்ற இயல்பு நிலையில்தான் பிறக்கிறது என்பது நம்பிக்கை. ஆகவே இது மாற்றமல்ல, திரும்புதல். உச்சரிப்பில் ஒரு வேறுபாடு உண்டு: வினையாக வந்தால் அழுத்தம் ‘வர்ட்’ மேல், இப்படிப் பெயராக வந்தால் முதல் அசையான ‘ரீ’ மேல். அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அப்படியே நீங்களும் எழுதுங்கள்.

அறிகுறி: எல்லாம் திருத்தி வைத்தேன், மேனேஜர் மறுபடி ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்றே மாற்றிவிட்டார்

மெயில் உள்ளூருக்கு என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக்கு என்றால், அவர் வரியைத் தொடாமல் அதற்கு மேலே பதிப்பு எண்ணையும் தேதியையும் வைத்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். மற்றபடி, நீங்கள் செய்த திருத்தத்துக்கு அவர் செய்தது இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் ரிவர்ட்தான்.